பதில்: மறுபதில்: முக்குளிப்பில் ‘ரிசர்வ் ஏர்’ – தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

முக்குளிப்பவர் சிலிண்டர் காற்றைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பதற்குக் ‘காற்று வழங்கல் மேலாண்மை’ என்று பெயர் வைத்து முடித்துவிடலாம் என்கிறார் பினாங்கு அக்கா. கொஞ்சம் பொறுங்கள் அக்கா. அதைக் கேட்டால் சுரங்கத்துக்குள் காற்று ஊதும் இலாகா மாதிரி இருக்கிறது. மொத்தத் துறைக்கும் பெயர் வேண்டுமென்றால் ‘மூச்சுக்கணக்கு’ என்று வைத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். உண்மையில் சொல் இல்லாமல் திணறுவது அதற்குள் இருக்கும் ஒரு சின்னப் பகுதிக்குத்தான்: தொடாமல் வைத்துக்கொண்டு மேலே வர வேண்டிய அந்தக் காற்றுக்கு.

சுங்கை சிப்புட்டில் ஏது கடல் என்று கேட்பீர்கள். கடல் இல்லைதான், சுற்றிலும் செம்பனை. ஆனால் எங்கள் தோட்டத்துப் பையன்கள் சிலர் வேலைக்குப் பெர்த் போயிருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் உரிமம் எடுத்தவர்கள் காற்றுத் தோங்கோடு (முதுகில் மாட்டும் சிலிண்டர்) இறங்கி, கையாலோ சுருக்குக் கம்பியாலோ லொப்ஸ்டர் பிடிக்கலாம். அவர்களுக்காக ஒரு தமிழ்க் குறிப்பேடு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். (அந்த ஆசையில் இங்கே தியோமானிலோ ரெடாங்கிலோ இறங்கிவிடாதீர்கள். அவை கடல் பூங்காக்கள். தீவைச் சுற்றி இரண்டு கடல் மைலுக்குள் எதையும் பிடிக்கக் கூடாது.)

கணக்கைப் பார்த்தால்தான் சொல் எங்கே இடறுகிறது என்று தெரியும். 12 லிட்டர் தோங்கில் 200 பார் அழுத்தத்துக்கு அடைத்தால் ஏறக்குறைய 2400 லிட்டர் காற்று. நீர்மட்டத்தில் நிதானமாக நீந்துகிறவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் அது இரு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அதாவது 20 மீட்டரில் நிமிடத்துக்கு 60 லிட்டர். அழுத்த மீட்டரின் முள் நிமிடத்துக்கு 5 பார் இறங்கும். இது நிதானமாக நீந்துகிறவரின் கணக்கு. பாறை இடுக்கில் கையை விட்டு, உள்ளே மீசை மட்டும் தெரிகிற லொப்ஸ்டரோடு மல்லுக்கட்டுகிறவருக்கு மூச்சு இரட்டிப்பாகும். அந்த நேரத்தில் அவர் கண் முள்ளிலா இருக்கும், இடுக்கிலா?

பெரும்பாலான அழுத்த மீட்டர்களில் 50 பாருக்குக் கீழே சிவப்பு பூசியிருக்கும். ‘50 இருந்தால் போதும்’ என்று பையன்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். கூட வந்தவரின் காற்று தீர்ந்துவிட்டால்? ஒரே தோங்கில் இரண்டு பேர், பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர். 20 மீட்டரில் சுதாரிக்க ஒரு நிமிடம்: 180 லிட்டர். நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலேற இரண்டு நிமிடம்: சுமார் 240. 5 மீட்டரில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்க: 270. ஆக 690 லிட்டர், அந்தத் தோங்கில் கிட்டத்தட்ட 58 பார். சிவப்புக் கோடு வரை வேட்டையாடியவருக்கு இது போதாது. இதையே 10 மீட்டரில் போட்டால் 40 பாரில் முடிந்துவிடுகிறது.

அதனால்தான் ‘மிச்சக்காற்று’, ‘எஞ்சுகாற்று’ எதுவும் எனக்கு ஒப்பவில்லை. மிச்சம் என்பது செலவு போக நிற்பது. இதுவோ இறங்குவதற்கு முன்பே, ஆழத்தைப் பார்த்து, இரண்டு பேருக்காக எடுத்து வைப்பது. ‘மீள்காற்று’ அழகாக இருக்கிறது; ஆனால் விட்ட மூச்சையே சுத்தப்படுத்தித் திரும்பத் தரும் ரீபிரீதருக்கு ‘மீள்மூச்சுக் கருவி’ என்று ஏற்கெனவே இந்தக் குழுவில் பேசிவிட்டோம், இரண்டும் முட்டிக்கொள்ளும். ‘கரைக்காற்று’ என்றால் கடலோரத்தில் யாரும் தோங்கை நினைக்க மாட்டார்கள், வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

என் பரிந்துரை: சேமக்காற்று. புறநானூறு 102இல் ஔவையார் ‘சேம அச்சு’ என்கிறார். வழி மேடா பள்ளமா என்று யாருக்குத் தெரியும் என்று உப்பு வணிகர்களான உமணர்கள் புறப்படும்போதே வண்டிக்கு அடியில் கட்டிக்கொள்ளும் மாற்று அச்சு அது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே இருக்கிறது.

– சுங்கை சிப்புட்டிலிருந்து

*

> என் பரிந்துரை: சேமக்காற்று.

ஐயா, இரண்டு தடை. ஒன்று, சேமம் வடமொழி க்ஷேமத்திலிருந்து வந்தது என்பார்கள். ‘காப்புக்காற்று’ இருக்கும்போது அது எதற்கு? இரண்டாவதுதான் பெரிது. சேமம் என்றதும் பிள்ளைகளுக்குச் சேமிப்பு ஞாபகம் வரும். காற்றைச் சேமிக்கிறேன் என்று தம் கட்டிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். எங்கள் தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிறவன் மேல்காற்றை இழுத்துத் தம் கட்டிப் போகிறான். அவனுக்கு அது சரி. அழுத்தக் காற்றைச் சுவாசிக்கிறவனுக்கு அது ஆபத்து.

– தூத்துக்குடி

*

அண்ணாச்சி சொல்வது நியாயமான பயம். எங்கள் பக்கம் சிலிண்டர் பாவித்து கடலட்டை பிடிக்கிற பெடியளும் சொட்டுச் சொட்டாய் மூச்சு விட்டால் கனநேரம் நிற்கலாம் எண்டு நினைக்கிறவை. தலையிடியோடதான் மேல வருவினம். எந்தச் சொல்லை எடுத்தாலும், தம் கட்டாதே எண்டு பக்கத்திலயே எழுதிவிடுங்கோ.

– மன்னார்

*

அண்ணாச்சி, முதல் தடைக்கு நான் சண்டை போடவில்லை. சங்கப் பாட்டிலேயே உட்கார்ந்துவிட்ட சொல்லை இனி எழுப்பி அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான். ‘காப்பு’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கைவளையும் கோயில் கட்டும்தான்.

இரண்டாவது தடைக்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. ஓய்வுக்காலத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் இபிஎஃப்பை மலேசியத் தமிழர்கள் சேமநிதி என்போம். 1951இல் தொடங்கியது, பால்மரம் சீவியவர் வீட்டிலும் தெரிந்த சொல். சேமநிதியையும் சேமிப்புக் கணக்கையும் இங்கே யாரும் குழப்பிக்கொள்வதில்லை. சேமிப்பில் எப்போது வேண்டுமானாலும் கை வைக்கலாம். சேமநிதி சம்பளம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படுவது. 55 வயதுக்கு முன் முழுவதும் எடுக்க முடியாது. (கோவிட் காலத்தில் எடுக்க விட்டார்களே என்று பினாங்கு அக்கா கேட்பார். எடுத்தவர்களில் பலருக்கு இப்போது என்ன நிலைமை என்று அவரே சொல்லட்டும்.) சேமக்காற்று என்றதும் ‘அது நம்ம செலவுக்கு இல்லை’ என்று இங்கே உடனே புரிந்துகொள்வார்கள்.

மன்னார் நண்பர் சொன்னதை அப்படியே சேர்க்கிறேன். அந்தப் பக்கத்தின் முதல் வரியே ‘தம் கட்டாதே, சீராக மூச்சு விடு’ என்பதுதான்.

திரும்ப வேண்டிய அழுத்தத்துக்குத் ‘திரும்புமுள்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். முள் அந்த இடத்துக்கு வந்தால், கண்முன் எவ்வளவு பெரிய லொப்ஸ்டர் நின்றாலும் திரும்ப வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் முள்ளே இல்லையே என்று யாராவது சொல்வீர்கள். நல்ல மாற்று இருந்தால் அனுப்புங்கள். லொப்ஸ்டருக்குச் சிங்கி இறாலா சிங்க இறாலா என்பதைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

– சுங்கை சிப்புட்டிலிருந்து