பொருள்: டிரையல்ஸ் வண்டியின் பின் டயருக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

காவேரிப்பட்டணம், புதன் இரவு 9.50

குழுவினருக்கு வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற சனிக்கிழமை கிருஷ்ணகிரி பக்கத்துக் குன்றொன்றில் பதின்மூன்று பேருக்கு டிரையல்ஸ் பயிற்சி தருகிறோம். தெரியாதவர்களுக்காக: இது மோட்டார் சைக்கிள் விளையாட்டு, ஆனால் வேகப் பந்தயம் இல்லை. பாறை, பள்ளம், மரக்கட்டை என்று எது வந்தாலும் நின்றபடியே ஓட்டி, கால் தரையில் படாமல் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறைக்கு 2, மூன்றோ அதற்கு மேலோ ஆனால் 3. விழுந்தால் 5. குறைந்த புள்ளிக்காரர்தான் வெற்றி பெற்றவர்.

பின் டயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறேன். எல்லாம் எழுதிவிட்டேன், ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். இந்த டயரின் உடல் கல்மேல் அழுந்தி, கல்லின் வடிவத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டு, கடந்ததும் பழையபடி ஆகிவிடும். அந்தக் குணத்துக்கு ஆங்கிலத்தில் கம்ப்ளையன்ஸ் என்கிறார்கள். அகராதியில் ‘இணக்கம்’ என்று இருக்கிறது. ‘இணக்கம் மிகுந்த டயரை வாங்கவும்’ என்று எழுதிப் பார்த்தேன், வரித்துறை நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

இந்தச் சொல் ஏன் முக்கியம் என்றால், போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்களிடம் இருக்கும் பழைய இறக்குமதி வண்டியின் பின் டயரில் 4, 5 பிஎஸ்ஐ காற்றுதான் வைப்போம். அதை டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனோம். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், பாவம் டயர் சப்பையாக இருக்கிறதே என்று 32 ஏற்றி, காசும் வாங்காமல் அனுப்பி வைத்தார். எங்கள் மாணவர் அதோடு பாறை ஏறினார். கல்லைத் தொட்டதும் டயர் பந்து போல எகிறி வண்டி பக்கவாட்டில் சரிந்தது. முழங்கையில் நான்கு தையல். டயர் சப்பையாகத் தெரிவதுதான் சரி என்பதை ஒரே சொல்லில் சொல்ல முடிந்தால் கடைக்காரருக்கும் ஒரு தாள் கொடுத்துவிடுவேன்.

ஓசூர், புதன் இரவு 10.15

அண்ணா, ‘டிரையல்ஸ்’ என்பதையே வைத்துவிடுங்கள். ‘சோதனை வண்டி’ என்று போட்டுவிடாதீர்கள். எங்கள் தொழிற்சாலையில் அப்படிச் சொன்னால், விற்பனைக்கு வராத, உருமறைப்பு ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கம்ப்ளையன்ஸுக்கு ‘நெகிழ்வு’ போதாதா?

பாலக்கோடு, புதன் இரவு 10.40

நெகிழ்வு வேண்டாம் தம்பி. பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்று பெயர் வைத்த நாளிலிருந்து அந்தச் சொல் பாழ். நெகிழ்வான டயர் என்றால் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பிளாஸ்டிக் டயரா டீச்சர் என்பார்கள்.

முதலில் எந்தக் குணத்துக்குப் பெயர் வைக்கிறோம் என்று பிரித்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு இருக்கின்றன. ஒன்று, டயரின் உடலும் பக்கச் சுவரும் எவ்வளவு எளிதில் மடங்கும் என்பது. விறைப்புக்குத் தலைகீழ். இன்னொன்று, ரப்பர் கலவை எவ்வளவு மென்மை என்பது. விறைத்த உடலில் மெத்தென்ற ரப்பர் இருக்கலாம், மெல்லிய உடலில் கெட்டி ரப்பரும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பையன்கள் கடையில் டயரை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வாங்கி வந்துவிடுவார்கள்.

பென்னாகரம், வியாழன் காலை 6.05

கடை திறக்கறதுக்கு முன்னாடி எழுதுறேன். நானும் பஞ்சர் கடைதான். 32 ஏற்றினவர் மேல தப்பில்ல, நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்.

எங்க கடையில ‘டயர் கல்லைக் கவ்வுது’ன்னு சொல்வோம். கவ்வுற டயர், கவ்வாத டயர். முடிஞ்சது. பட்டன் டயர் வேற, இது வேற. பட்டன் டயர்ல மேல இருக்கிற ரப்பர் கட்டை உயரமா, இடைவெளி விட்டு இருக்கும். சேத்துக்கு நல்லது, பாறையில கட்டை மடங்கி வழுக்கும். உங்க டயர்ல கட்டை குட்டையா, நெருக்கமா இருக்கு, போட்டோவுல பார்த்தேன்.

தருமபுரி, வியாழன் காலை 8.30

அன்புள்ள தம்பிமார்களுக்கும் பாலக்கோட்டு அம்மையாருக்கும்.

சக்கரத்துக்குச் சொல் தேட நம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் உண்டா? தகடூர் அதியமானை ஔவையார் பாடும்போது (புறநானூறு 87) எதோடு ஒப்பிடுகிறார்? ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன், ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த ஒற்றைச் சக்கரத்தோடு. அங்கே சக்கரத்துக்கு அவர் சொல்லும் சொல் ‘கால்’. ‘திங்கள் வலித்த கால்.’ மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது (102) உப்பு வணிகர் வண்டியைச் சொல்கிறார். ‘அவல் இழியினும் மிசை ஏறினும்’, அதாவது பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று, அடியில் கட்டி வைத்த சேம அச்சு. உங்கள் பயிற்சியும் அவல் இழிதலும் மிசை ஏறுதலும்தானே? ஸ்டெப்னிக்குச் ‘சேமக் கால்’ என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தேன், ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கால் என்றால் சக்கரம். கால் என்றால் காற்றும்தான். பாதமும்தான். நான்கில் ஒரு பங்கும்தான். ஆக உங்கள் தாளின் சாரம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லலாம்: காலில் உள்ள காலைக் காலாக்கினால் கால் ஊன்ற வேண்டாம்.

ஓசூர், வியாழன் காலை 8.52

ஐயா, மூன்று முறை படித்தேன், புரிந்தது, கைதட்டினேன். ஆனால் இதைத் தாளில் போட்டால் நான்கு தையல் நாற்பது ஆகிவிடும்.

இன்னொன்று. எங்கள் பக்கம் டயர் கடையில் மூன்று மொழி ஓடும். கன்னடத்தில் ‘காலி’ என்றால் சக்கரம், தெலுங்கில் ‘காலி’ என்றால் காற்று. தமிழில் காலி என்றால் ஒன்றும் இல்லை. ‘அண்ணா, காலி’ என்று ஒருவர் வந்து நின்றால் எதைக் கேட்கிறார் என்று கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் ஆகும்.

ஊத்தங்கரை, வியாழன் பகல் 12.20

எல்லாரும் ‘டயர்’ என்றே எழுதுகிறீர்கள். குணத்துக்குப் பெயர் தேடும் முன் பொருளுக்குத் தமிழ் வேண்டாமா?

ஆங்கிலத்தில் அந்தச் சொல் உடை, ஒப்பனை என்ற பொருளுள்ள சொல்லின் குறுக்கம். சக்கரத்துக்கு உடுத்திய உடை. ஐயா கால் என்றால் சக்கரம் என்று நிறுவிவிட்டார். கால் + அணி = காலணி. சக்கரம் அணிவது காலணி. இதைவிடச் செம்மையான ஆக்கம் எந்த மொழியில் இருக்கும்?

பென்னாகரம், வியாழன் பகல் 1.10

சார், எங்க அப்பா பழைய டயரை அறுத்து செருப்பு தைப்பாரு. அப்போ அது காலணியால செஞ்ச காலணியா?

ஊத்தங்கரை, வியாழன் பகல் 1.25

அதுவே என் கருத்துக்கு வலு.

காவேரிப்பட்டணம், வியாழன் மாலை 5.30

கருத்துகளுக்கு நன்றி. டயர் டயராகவே இருக்கட்டும். மாட்டுவண்டிக்கே ‘டயர் வண்டி’ என்று பெயர் வைத்த ஊர் இது.

நான் யோசித்து வைத்திருப்பவை: தழுவல், குழைவு, கவ்வு. ‘தழுவல் டயர்’ என்றதும் வேற்றுமொழிப் படத்திலிருந்து எடுத்த டயர் போல இருக்கிறது, அதனால் நானே நீக்கிவிட்டேன். குழைவு எனக்குப் பிடித்திருக்கிறது. ‘பின் டயர் கல்லுக்குக் குழைந்து கொடுக்க வேண்டும்.’ சொல்லிப் பாருங்கள், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

பாலக்கோடு, வியாழன் மாலை 6.15

குழைவில் ஒரு குறை. சோறு குழைந்தால் குழைந்ததுதான், திரும்பப் பருக்கையாகாது. டயர் மீள வேண்டும். அதிலும் உங்கள் டயர் ரப்பர் சட்டென்று மீளாமல், கல்லோடு ஒரு கணம் தங்கி மெல்ல மீள்வது. பன்னிரண்டாம் வகுப்பில் காந்தத் தயக்கம் என்று நடத்துகிறோமே, அதே தயக்கம் ரப்பருக்கும் உண்டு. தயங்காத ரப்பர்தான் பந்து மாதிரி எகிறும்.

தருமபுரி, வியாழன் இரவு 7.00

அம்மையார் சொல்வது குறளிலும் இருக்கிறது. ‘மோப்பக் குழையும் அனிச்சம்.’ முகர்ந்தாலே வாடிவிடும், வாடிய பூ நிமிராது. ஆனால் அடுத்த அடியைப் பாருங்கள், ‘நோக்கக் குழையும் விருந்து’. முகம் கோணிப் பார்த்தால் விருந்தினர் குழைந்துபோவார், இன்முகம் காட்டினால் மீண்டும் மலர்வார். ஆகவே குழைதலில் மீட்சிக்கு இடம் உண்டு என்பது என் துணிபு.

பாலக்கோடு, வியாழன் இரவு 7.20

ஐயா, மலர்வார் என்பது வள்ளுவர் சொன்னதா, தாங்கள் சொன்னதா?

தருமபுரி, வியாழன் இரவு 7.45

யான் சொன்னது.

பென்னாகரம், வியாழன் இரவு 9.15

வீட்டுல கேட்டேன். அவங்க களி கிண்டிட்டு இருந்தாங்க. ‘பதம்னு சொல்லுங்க’ன்னாங்க. ராகி களி பதமா இருந்தா விரல் வெச்சா அமுங்கும், எடுத்தா கையில ஒட்டாம மெல்ல எழும்பும். ரப்பருக்கு அதுதானே வேணும்?

பாலக்கோடு, வியாழன் இரவு 9.22

இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் சரியான இயற்பியல். ரப்பர் கலவைக்குப் ‘பதம்’ என்று நான் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். உடலுக்கு வேறு சொல் பாருங்கள்.

காவேரிப்பட்டணம், வெள்ளி காலை 7.00

இன்று மாலை அச்சுக்கடைக்குப் போக வேண்டும். கை தூக்கியவர்களை எண்ணினேன்: குழைவு 6, கவ்வு 3, காலணி 1. கடைசி ஒன்று கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை என்றாலும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். தாளில் போகிற பகுதி இது:

“டிரையல்ஸ் பின் டயரின் அளவு 4.00-18. அகலம் 4 அங்குலம், டயர் உட்காரும் சக்கர விளிம்பின் விட்டம் 18 அங்குலம். நடுவில் ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல். ரேடியலின் பக்கச் சுவர் மெல்லியது, குழைவு அதிகம். 70 கிலோவை ஒட்டிய உண்மையான டிரையல்ஸ் வண்டிக்கு மிஷ்லின், டன்லப், ஐஆர்சி ரேடியல்களில் ஒன்று. ஹீரோ எக்ஸ்பல்ஸ் போல ஏறக்குறைய 160 கிலோ உள்ள வண்டியிலும் பின் விளிம்பு 18 அங்குலம்தான் என்றாலும், அவ்வளவு குழைவு அதற்கு ஆகாது. டயர் நசுங்கி விளிம்பு கல்லில் இடிக்கும். அதற்குப் பைரெல்லி எம்டி 43 போல விறைப்புக் கூடிய டிரையல்ஸ் டயர் பார்க்கவும். டியூப் இருக்கும் சக்கரத்தில் காற்றை 5 வரை இறக்கவே கூடாது. டயர் விளிம்பில் நழுவி, டியூபின் வால்வைப் பிடுங்கிவிடும்.

வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்க்கவும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. விலை மலிவு என்று பழைய டயரை வாங்காதீர்கள். கட்டை தேயாமல் இருந்தாலும் ரப்பர் பதம் போயிருக்கும். கட்டைகளின் முன்விளிம்பு மழுங்கிவிட்டால் டயரைக் கழற்றித் திருப்பி மாட்டிக் கொஞ்ச நாள் ஓட்டலாம். பெட்ரோல் பங்க் மானியை நம்ப வேண்டாம். 15-க்குள் அளக்கும் சிறு மானி தனியாக வேண்டும்.”

‘குழைவு’ வந்த இடத்தில் யாரும் தடுமாறவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஓசூர், வெள்ளி காலை 7.40

சரி அண்ணா. ‘மானி’ மட்டும் இடிக்கிறது. ‘காற்று மீட்டர்’ போடுங்கள்.

பென்னாகரம், வெள்ளி காலை 7.55

கவ்வுக்குத்தான் என் ஓட்டு, அது மாறாது. ஆனா படிச்சுப் பார்த்தா புரியுது. எனக்கும் பத்துத் தாள் அனுப்புங்க, கடையில ஒட்டி வைக்கிறேன்.

ஊத்தங்கரை, வெள்ளி காலை 9.10

பெரும்பான்மை தமிழ் ஆகாது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். தாளில் டயர், ரேடியல், டியூப், வால்வு, பங்க், மீட்டர் என்று ஆறு வேற்றுச் சொல். அவற்றுக்கு நடுவில் குழைவும் பதமும் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன.

காவேரிப்பட்டணம், வெள்ளி இரவு 10.30

அச்சாகி வந்துவிட்டது. அச்சுக்கடைத் தம்பி நல்லெண்ணத்தில் ‘எழுத்துப் பிழை’ திருத்தியிருக்கிறார். ‘பக்கச் சுவர் மெல்லியது, குறைவு அதிகம்’ என்றும், ‘அவ்வளவு குறைவு அதற்கு ஆகாது’ என்றும் இருக்கிறது. ரேடியல் வாங்கக் கூடாது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஐம்பது தாள். தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, நானும் மாணவர் ஒருவரும் பேனாவால் ‘றை’யை ‘ழை’ ஆக்கிக்கொண்டிருக்கிறோம். இருபத்திரண்டு முடிந்தது.

பயிற்சி காலை 6.30-க்கு. பத்து மணிக்கு மேல் பாறை சுடும்.

ஊத்தங்கரை, வெள்ளி இரவு 10.41

பேனா கையில் இருக்கும்போதே டயரை அடித்துவிட்டுக் காலணி என்று எழுதிவிடலாமே.