அப்பாவின் மறதிநோய் மாத்திரைகளில் எது உதவுகிறது, எது கெடுக்கிறது?

காவிரிக்கரை:
என் தந்தைக்கு வயது 78. அல்சைமர் மறதிநோய்க்காக ஓராண்டாக டோனெபெசில் எடுத்துவருகிறார். 5 மில்லிகிராமில் தொடங்கி இப்போது 10 மில்லிகிராம். சிறுநீரை அடக்க முடியாமல் போனதால் மூன்று மாதங்களுக்கு முன் வேறொரு மருத்துவர் ஆக்சிபியூட்டினின் எழுதிக்கொடுத்தார். அதன்பின் பகலிலேயே வீட்டுக்குள் திசை தெரியாமல் நிற்கிறார். இரவில் யாரோ வந்திருப்பதாகச் சத்தமிடுகிறார். அதற்கு ரிஸ்பெரிடோன் என்னும் மனநோய் மாத்திரை கொடுக்கலாம் என்கிறார்கள். நோய் முற்றிவிட்டதா, இது மாத்திரைகளின் வேலையா?

பழைய மருந்தாளுநர்:
அம்மா, நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது; ஆனால் நீங்கள் எழுதிய வரிசையே ஐயத்தைக் கிளப்புகிறது. மூளையில் நினைவுக்கு உதவும் அசிடைல்கோலின் என்னும் வேதிப்பொருள் குறையாமல் காப்பதே டோனெபெசிலின் வேலை; அதே அசிடைல்கோலின் செயல்படும் இடத்தை ஆக்சிபியூட்டினின் அடைத்துவிடுகிறது. ஒருவர் ஏற்றம் இறைக்க, இன்னொருவர் மடையை அடைப்பது போன்றது இது. மேலும், சிறுநீர் அவசரம் டோனெபெசிலாலேயே வரக்கூடும் என்பதால், முதல் மருந்தின் பக்கவிளைவுக்கு இரண்டாவதையும், இரண்டாவதன் விளைவுக்கு மூன்றாவதையும் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டீர்களோ என்று அஞ்சுகிறேன். சளிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கான அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இவ்வாறே குழப்பத்தைக் கூட்டும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மருமகள்:
என் மாமியாரும் இப்படித்தான் இரவெல்லாம் கத்தினார். மனநோய் மாத்திரை கொடுத்ததும் தள்ளாடிக் கீழே விழுந்தார். பிறகுதான் அவருக்கு நாலு நாள் மலச்சிக்கல் என்பது தெரியவந்தது. வலியைச் சொல்லத் தெரியாதவர் வேறு எப்படிச் சொல்வார்? ரிஸ்பெரிடோன் வகை மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது: சுமார் 10 வார ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ 4.5 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 விழுக்காட்டினரும் இறந்தனர். அடிக்கவும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவும் தொடங்கிவிட்டால் அது தேவைப்படலாம், மறுக்கவில்லை; அப்போதும் குறைந்த அளவில், எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மூளையில் ஒருவகைப் புரதத் திரள்கள் சேர்வதால் வரும் லூயி உடல் வகை மறதிநோய் இல்லை என்பதையும் உறுதிசெய்யச் சொல்லுங்கள். அந்நோய் உள்ளவர்களை இம்மருந்துகள் மிகக் கடுமையாகப் பாதிக்கும்.

பழைய மருந்தாளுநர்:
ஒன்றை விட்டுவிட்டேன். டோனெபெசில் நாடித்துடிப்பைக் குறைக்கும். அதேபோல் நாடியைக் குறைக்கும் அட்டெனோலால் போன்றவற்றையும் ரத்த அழுத்தத்துக்கு எடுப்பவருக்கு மயக்கம் வரலாம். அவருக்குக் கெட்ட கனவுகள் வந்தால், டோனெபெசிலை இரவில் கொடுப்பதைக் காலைக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள். டோனெபெசில் நோயை நிறுத்துவதில்லை. பலருக்குச் சிறிதளவே பயன் தரும்.

காவிரிக்கரை:
அட்டெனோலாலும் எடுக்கிறார், ஐயா. இரண்டு மருத்துவர்களிடமும் அதை நான் சொன்னதே இல்லை. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, நாளைக் காலையே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.