ரப்பர் வண்டும் மற்ற வண்டுகளும்: எண்ணிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

திருவட்டாறு தோட்டக்காரர்:
வெளிச்சத்துக்கு வண்டு மொய்க்கும் என்று, கோடைமழை தொடங்கும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சோறு உண்டவர்களுக்கு ரப்பர் வண்டை அறிமுகப்படுத்த வேண்டாம். ஒரு சென்டிமீட்டர்கூட வராது, கன்னங்கரிய உடம்பு. ஓட்டு இடுக்கு வழியாக மச்சில் புகுந்து குவியும். நசுக்கினால் கசியும் நீர் தோலைப் பொசுக்கிவிடும். கேரளத்தில் ஒரே வீட்டில் 5 லட்சம் முதல் 40 லட்சத்துக்கும் மேல் இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் வியப்பே இருக்காது.

ஒரு கல்லூரி மாணவர் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாதந்தோறும் மாதிரி எடுத்தார். ஒரு சதுர மீட்டர் சட்டத்துக்குள் கிடக்கும் சருகை அள்ளி வெள்ளைத் துணியில் உதறுவோம். தை மாதம் இலை உதிர்ந்தபோது, துணி மடிப்புக்குள் வண்டுகள் முண்டியடித்து ஒளிந்தன. மாசியில் புழுக்கள் நெளிந்தன. வைகாசியில் வெறும் மண்ணும் எறும்பும்தான். "எண்ணிக்கை சரிந்துவிட்டது" என்று எழுதப் போனவரை ஏணி வைத்து மச்சில் ஏற்றினேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு இறங்கினார். அடுத்த இலையுதிர்வு வரை ஏறக்குறைய ஒன்பது மாதம் அவை அங்கேதான் முடங்கிக் கிடக்கும். சருகில் இல்லை என்றால் இடம் மாறிவிட்டது என்று பொருள்; செத்துவிட்டது என்று கொள்ளலாமா?

கீரிப்பாறைப் பக்கத்து வாசகர்:
எங்களுக்குச் சாணவண்டு. டம்ளரை விளிம்பு வரை மண்ணில் புதைத்து, சோப்புநீர் ஊற்றி, மேலே சாணப் பொட்டலம் தொங்கவிடுவோம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். டம்ளர் நிரம்பி வழிந்தால் அன்றைய கணக்கு வெள்ளத்தோடு போயிற்று. மழை விட்டுவைத்ததைக் காட்டுப்பன்றி கிளறிவிடும். இதைவிடத் தொல்லை, ஒரே ஒரு தடவை விழுந்து பிறகு கண்ணிலேயே படாத இனங்கள். அரியவையா, வழி தவறி வந்தவையா? 1982-இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் டெரி எர்வின், பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களில் பூச்சிமருந்துப் புகை அடித்து விழுந்த வண்டுகளை வைத்து, வெப்பமண்டலத்தில் கணுக்காலிகள் (பூச்சி, சிலந்தி போன்றவை) 3 கோடி இனம் இருக்கலாம் என்றார். பலர் மறுத்தார்கள். மறுக்கட்டும், அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

ராஜாக்கமங்கலம் தென்னை விவசாயி:
2017-இல் ஒக்கி புயல் சாய்த்த தென்னைகளில் பல, அகற்றப்படாமல் அப்படியே மட்கின. தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டுக்கு அதைவிட நல்ல பேறுகால வீடு ஏது! வண்டின் வாசனையைக் காட்டி வண்டை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தேன். வாளியில் வண்டு சேர்ந்தது. பக்கத்துத் தோப்புக்காரர், "உம் வாசனைதான் ஊர் வண்டையெல்லாம் கூப்பிடுகிறது" என்று சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பொறியை நடுத்தோப்பில் வைப்பதா, வேலியோரம் வைப்பதா?

திருவட்டாறு தோட்டக்காரர்:
வேலியோரம் வையுங்கள், ஐயா. எருக்குழியையும் மட்கிய தடிகளையும் கிளறிப் புழுவையும் எண்ணுங்கள். அதுதான் உங்கள் தோப்பில் பிறந்த கணக்கு. விளக்குப்பொறி வைப்பவர்கள் அன்றைய நிலாவையும் குறித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியில் வரத்து குறையும்.