அமெரிக்க எம்.எஸ். படிப்பும் உதவியாளர் பணியும்: கடிதத்தில் இல்லாததை நம்பிக் கடன் வாங்கலாமா?

பொருநைக்கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். திருநெல்வேலியில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு, இந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்.எஸ். சேர்வதற்காக இரண்டு பல்கலைக்கழகங்களில் அனுமதி பெற்றிருக்கிறேன். முதலாவது, தரவரிசையில் நன்றாக முன்னே நிற்பது. ஆனால் பண உதவியைப் பற்றி அதன் அனுமதிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது அவ்வளவு பெயர் பெற்றது இல்லையென்றாலும், முதல் ஆண்டுக்கு 50 சதவீத டீச்சிங் அசிஸ்டன்ட் பணியும், மாதச் சம்பளமும், கல்விக் கட்டண விலக்கும் தருவதாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் கல்லூரி சீனியர்கள் சிலர், "பெரிய இடத்தில் சேர்ந்துவிடு, அங்கே போய்ப் பேராசிரியர்களை நேரில் பார்த்தால் டி.ஏ. கிடைத்துவிடும்" என்கிறார்கள். அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் கடன் வாங்கப்போகிறார் என்பதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 50 சதவீதம் என்பது எதில் பாதி, போய்ச் சேர்ந்தபின் கிடைக்கும் என்பதை நம்பிக் கணக்குப் போடலாமா, பண உதவிக்குப் பதில் சொல்லும் கடைசி நாள் என்கிற ஏப்ரல் 15க்கு முன்பே பதில் கேட்டால் என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சோளக்காட்டுவாசி எழுதியது:

தம்பி, 50 சதவீதம் என்பது வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற முழுநேர வேலையில் பாதி, அதாவது 20 மணி நேரம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஆகவே இந்தப் பணியை ஏற்றுக்கொண்டபின் நூலகத்திலோ உணவகத்திலோ கூடுதலாக ஒரு மணி நேரம்கூடச் சேர்த்துக்கொள்ள முடியாது.

போய்ச் சேர்ந்தபின் கிடைக்கும் என்ற பேச்சு முழுப் பொய் அன்று, ஆனால் அதை வைத்துக் கடன் தொகையைக் குறைப்பது சரியன்று. பொதுவாகத் துறைகள் டி.ஏ. இடங்களை முதலில் முனைவர் பட்ட மாணவர்களுக்கே தருகின்றன, ஏனெனில் அவர்களைச் சேர்க்கும்போதே பல ஆண்டுகளுக்கான சம்பளத்துக்குத் துறை வாக்குக் கொடுத்திருக்கும். மிச்சம் இருந்தால்தான் எம்.எஸ். மாணவர்களின் முறை வரும். ஆய்வு உதவியாளர் பணி பேராசிரியரின் ஆராய்ச்சி மானியத்திலிருந்து வருகிறது. 2025இல் கூட்டாட்சி அரசின் மானியங்கள் பல ரத்தானபின் அந்த வழியும் குறுகியிருக்கிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமாக, நீங்கள் சேரவிருப்பது மாணவர் கட்டணத்திலேயே நடக்கும் தொழில்முறை எம்.எஸ். திட்டமா என்று பாருங்கள். அத்தகைய திட்டங்கள் பலவற்றில், கட்டண விலக்குள்ள பணிக்கு அதன் மாணவர்கள் தகுதியற்றவர்கள் என்று விதியிலேயே எழுதியிருக்கும்; அந்த வரி அனுமதிக் கடிதத்தில் இருக்காது, துறையின் கையேட்டில் எங்கேயாவது இருக்கும்.

இரண்டாவது கடிதத்தையும் வரி வரியாகப் படியுங்கள். பணி ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? கட்டண விலக்கு முழுத் தொகைக்கா, அல்லது வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் பகுதிக்கு மட்டுமா? விலக்கு என்றால் எல்லாம் இலவசம் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். பல இடங்களில் டியூஷன் மட்டுமே நீங்கும், ஃபீஸ் என்று தனியாக வரும் பருவக் கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் நம் தலையில்தான் விழும். பணியின் அளவுக்கும் விலக்குக்கும் உள்ள உறவும் இடத்துக்கு இடம் மாறும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 25 முதல் 67 சதவீதம் வரையிலான பணிகளுக்குக் கட்டண விலக்கு உண்டு; வேறு சில இடங்களில் கால்பங்குப் பணிக்குப் பாதி விலக்குதான்.

ஏப்ரல் 15 பற்றி: அமெரிக்க முதுநிலைக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு வகுத்த தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம், பண உதவிக்கான பதிலை அந்த நாளுக்கு முன் கேட்டு நெருக்கக் கூடாது. முன்பே ஏற்றுக்கொண்டிருந்தாலும் அந்த நாள்வரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். கையெழுத்திட்டவர்களின் பட்டியல் கூட்டமைப்பின் இணையதளத்தில் இருக்கிறது.

குடுவை எழுதியது:

வேதியியல் துறையில் டி.ஏ.வாக இருக்கிறேன், வேலை எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு ஆய்வகப் பிரிவு மூன்று மணி நேரம் நடக்கும், அப்படி இரண்டு பிரிவுகள். அதன்பின் அறிக்கைகளைத் திருத்த வேண்டும், சந்தேகம் கேட்க வருபவர்களுக்காகக் குறித்த நேரத்தில் அறையில் இருக்க வேண்டும், தேர்வு மேற்பார்வையும் உண்டு. சொந்தத் தேர்வுகள் நடக்கும் அதே வாரத்தில்தான் நூறு விடைத்தாள்கள் மேசைக்கு வரும்.

தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்கள் வகுப்பெடுக்கும் முன் பேச்சுத் திறனை நிரூபிக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. டோஃபெல் ஆங்கிலத் தேர்வின் பழைய முறையில் பேச்சுப் பகுதியில் 30க்கு 26 என்பது பரவலாகக் கேட்கப்பட்ட மதிப்பெண். அது இல்லாதவர்களுக்கு வளாகத்திலேயே தனித் தேர்வு வைப்பார்கள். அதில் தேறாவிட்டால் பணி என்னவாகும் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர்மாறானது. 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி மாணவரின் மதிப்பெண் அவருடைய தனிப்பட்ட ஆவணம். அறிவிப்புப் பலகையில் பெயரோடு ஒட்டுவதற்கு இடமில்லை; ஒரு மாணவியின் தந்தை தொலைபேசியில் அழைத்து "என் மகள் எப்படிப் படிக்கிறாள்" என்று கேட்டபோது, நான் எதையும் சொல்லாமல் துறை அலுவலகத்தின் எண்ணைத்தான் கொடுத்தேன்.

வரவுசெலவு எழுதியது:

கையில் வரும் தொகையைப் பற்றிச் சில குறிப்புகள். எஃப்-1 மாணவருக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகளான 7.65 சதவீதப் பிடித்தம் பொதுவாகக் கிடையாது. வருமான வரி உண்டு. இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவால், மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இல்லாத நிலையான கழிவை இந்திய மாணவர் கோரலாம். கற்பித்தல், ஆய்வுப் பணிகளுக்காகக் கிடைக்கும் கட்டண விலக்கு வருமானமாகக் கருதப்படுவதில்லை. 2017இல் அதற்கும் வரி போட மக்கள் பிரதிநிதிகள் அவை முயன்றது, இறுதிச் சட்டத்தில் அந்தப் பிரிவு நீங்கியது. ஆனால் அலுவலக நிர்வாகப் பணிக்காகக் கிடைக்கும் விலக்கில் ஆண்டுக்கு 5,250 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு வரி வரலாம்.

சமூகப் பாதுகாப்பு எண் வாங்கி, சம்பளப் பதிவு முடிந்து, முதல் சம்பளம் வருவதற்குள் வாடகையும் முன்பணமும் கட்ட வேண்டியிருக்கும். அதற்கான தொகையைக் கடனில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டல் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். எம்.எஸ். என்பது இரண்டே ஆண்டு; வேலை கொடுக்கும் நிறுவனங்கள் வளாகத்துக்கே வரும் பல்கலைக்கழகமாக இருந்தால், பெரிய கடனைக்கூடப் படிப்புக்குப் பிந்தைய பணிப் பயிற்சிக் காலத்தில் அடைத்துவிட முடியும். பொறியியல் பட்டத்துக்கு அது 12 மாதமும் நீட்டிப்பாக 24 மாதமும் ஆகும். டி.ஏ. இல்லாவிட்டாலும் விடைத்தாள் திருத்தும் மணிநேர வேலைகள் உண்டு.

சோளக்காட்டுவாசி எழுதியது:

வண்டல் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் மணிநேர வேலைகளுக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கு வராது, சாப்பாட்டுச் செலவுக்குத்தான் அது உதவும். நல்ல வேலை கிடைத்து எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலிலும் பெயர் வந்தால் எந்தக் கணக்கும் சரியாகிவிடும். வீட்டுப் பத்திரம் ஈடாக இருக்கும்போது, பெயர் வராத கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. முதல் பல்கலைக்கழகத்தின் துறை அலுவலகத்துக்கு நேரடியாக எழுதிக் கேட்டேன். எங்கள் திட்டத்தின் மாணவர்களுக்குக் கட்டண விலக்குள்ள பணி எதுவும் இல்லை என்று பதில் வந்துவிட்டது. எனவே இரண்டாவதை ஏற்க முடிவு செய்திருக்கிறேன். அவர்களுடைய பணி ஒன்பது மாதத்துக்குத்தான். கோடைக்கு என்ன வழி?

குடுவை எழுதியது:

கோடை விடுமுறையில் வளாகத்துக்குள் முழுநேரம் வேலை செய்ய எஃப்-1 விதி இடம் தருகிறது; கோடை வகுப்புகளுக்கான டி.ஏ. இடங்கள் குறைவு என்பதால் வசந்தப் பருவம் தொடங்கியதுமே துறையில் சொல்லி வையுங்கள். வெளி நிறுவனத்தில் பயிற்சி என்றால் சி.பி.டி. என்ற, படிக்கும்போதே பயிற்சி பெறுவதற்கான அனுமதி வேண்டும், அதற்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் சேர்ந்தால் மே மாதத்தில் அந்தத் தகுதி வந்துவிடும்.