நமீபியா பாலைவனம், தனி ஆள், கூரைக் கூடார ஹைலக்ஸ்: 9 நாள் திட்டம் சரி வருமா?

வெள்ளவத்தை_வைட் (கேள்வி)

வணக்கம். வாற ஜூன் மாதம் நமீபியாவுக்குத் தனியாகப் போகிறேன். மிருகம் பார்க்க இல்லை, நிலக்காட்சிப் படங்களுக்கு மட்டும். விண்ட்ஹுக்கில் கூரையில் கூடாரம் பூட்டிய ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்றை எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுப்பதாக உத்தேசம். கையில் 9 நாள், 8 இரவு.

இப்போதைக்கு திட்டம் இதுதான்: செஸ்ரீமில் (மணற்குன்றுப் பூங்காவின் வாசல்) ஒரு இரவு, அடுத்த நாள் விடிய டெட்ஃப்லே (குன்றுகளுக்கு நடுவே பட்ட மரங்கள் நிற்கும் களிமண் தரை), பிறகு லூடரிட்ஸ் போய் கொல்மன்ஸ்கொப் என்ற கைவிடப்பட்ட ஊர், அங்கிருந்து கரையோர ஊரான ஸ்வாகொப்மண்ட், ஸ்பிட்ஸ்கொப்பே பாறைமலைகள், கடைசியாக வனவிலங்குப் பூங்காவான எட்டோஷாவை எட்டிப் பார்த்துவிட்டு விண்ட்ஹுக்.

மணலில் வாகனம் ஓட்டிப் பழக்கமில்லை. டெட்ஃப்லேக்குப் போகும் கடைசி 5 கிலோமீட்டர் ஆழமான மணல் என்கிறார்கள். நானே ஓட்டலாமா, ஆட்களை ஏற்றிப் போகும் அங்குள்ள ஷட்டில் வாகனத்தில் ஏறுவதா? லென்ஸ் 14, 24–70, 70–200 மூன்றும் இருக்கின்றன. எதை வீட்டில் விடலாம்? பற்றரி சார்ஜ் பண்ணுவது எப்படி?

கிறவல்_ரோட்டு

தம்பி, முதல்ல லூடரிட்ஸையும் எட்டோஷாவையும் வெட்டுங்கோ. லூடரிட்ஸிலயிருந்து ஸ்வாகொப்மண்டுக்குக் கரையோரமாப் பாதை கிடையாது. இடையில கிடக்கிறது முழுக்க நமீப் மணற்கடல். உள்ளுக்குத் திரும்பி வந்து பெரிய சுத்துச் சுத்தவேணும், அதுவும் கூடுதலாக் கிறவல் ரோட்டில. வாடகைக்காரர் பெரும்பாலும் கிறவலில 80க்கு மேல ஓட விடமாட்டினம், வாகனத்தில வேகம் பதியிற கருவியும் பூட்டியிருக்கும். நிண்டு படம் எடுத்துப் போகேக்க சராசரி 60 கூட வராது. பொழுதுபட்டாப் பிறகு ஊருக்கு வெளியில ஓடினா காப்புறுதி செல்லாது எண்டு பல ஒப்பந்தங்களில இருக்கு. குடு, ஓரிக்ஸ் மாதிரிப் பெரிய மான்கள் குறுக்க பாயும். ஜூனில 6.15 போல சூரியன் படுது. அப்ப ஒரு நாளில ஓடக்கூடிய பகல் எவ்வளவு எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ.

கொல்மன்ஸ்கொப் நல்ல இடம்தான். 1908இல வைரம் கண்டெடுத்து எழும்பின ஊர், 1956இல கடைசி ஆளும் வெளிக்கிட்டிட்டார், இப்ப அறைகளுக்குள்ள மணல். ஆனா அதுக்கெண்டு தெற்குப் பக்கமா வேற பயணம் போடவேணும். சாதாரண நுழைவுச்சீட்டில மத்தியானம் வரைக்கும்தான் நிக்கலாம். விடியலும் பின்னேர வெளிச்சமும் வேணுமெண்டா படப்பிடிப்பு அனுமதி தனியா எடுக்கவேணும்.

என்ர கணக்கு: செஸ்ரீம் 3 இரவு, நமீப்ரான்ட் (செஸ்ரீமுக்குத் தெற்கால இருக்கிற தனியார் இயற்கைக் காப்பகம்) 1, ஸ்வாகொப்மண்ட் 1, ஸ்பிட்ஸ்கொப்பே 2, கடைசி இரவு விண்ட்ஹுக். சரியா 8.

செஸ்ரீமில எங்க படுக்கிறீங்கள் எண்டதில கவனமா இருங்கோ. அங்க ரெண்டு கேற். வெளிக் கேற் சூரியன் உதிக்கத்தான் திறக்கும். பூங்காவுக்குள்ள இருக்கிற அரச நிறுவனத்தின்ர முகாமில இடம் எடுத்தா உள் கேற்றால ஒரு மணித்தியாலம் முந்திப் போகலாம். அங்க ஜூனில சூரிய உதயம் ஏறத்தாழ 7.40. உள் கேற் 6.40க்குத் திறக்குது எண்டு வையுங்கோ. 60 கி.மீ. தார் ரோட்டு, வேக எல்லையும் 60, அதுக்கே ஒரு மணித்தியாலம். பிறகு 5 கி.மீ. மணல் 15 நிமிசம், மணலில நடை ஒரு கிலோமீட்டருக்கு 20 நிமிசம். ஆக 8.15. குன்றுகள் உயரமெண்டபடியா தரையில அப்பவும் நிழல் கிடக்கும். வெளியில தங்கினா 9.15க்குத்தான் போய்ச் சேருவீங்கள், நீங்கள் நினைச்சுப் போற படம் முடிஞ்சிரும். உள் முகாம் கெதியா நிரம்பும், விமானச் சீட்டுக்கு முதல் அதைப் பதிவு செய்யுங்கோ. விடியமுன் பூங்காவுக்குள்ள ஓடுறதுக்கு உங்கட ஒப்பந்தம் இடம் குடுக்குதோ எண்டும் எழுத்தில கேட்டு வையுங்கோ.

இன்னொண்டு. கூரைக் கூடாரத்தை மடிக்காம வாகனம் அசையாது. தனி ஆளா, இருட்டில, விறைச்ச கையோட மடிச்சு, மேலுறையின்ர சிப்பை இழுத்து, பட்டி கட்டி முடிக்க முதல் நாள் 20 நிமிசம், பழகினாப் பிறகு 10. செஸ்ரீமில மூண்டு நாளும் விடிய வெளிக்கிடுறதெண்டா ஒராள் படுக்கிற சின்னத் தரைக்கூடாரம் ஒண்டைக் கொண்டுபோய் அதுக்குள்ள படுங்கோ. நீங்கள் வெளியில போனாலும் அந்த இடத்தில ஆள் இருக்குது எண்டு மற்றவைக்கும் தெரியும். இரவில வெப்பநிலை சில நாள் பூச்சியத்துக்குக் கிட்டப் போகும், கொழும்பில வாங்கிற மெல்லிய ஸ்லீப்பிங் பேக் காணாது.

பெட்டா_பாஸ்

மணல் பற்றி நான் சொல்றேன். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனா காற்றுக் குறைக்காமல் உள்ளே இறங்கினா 200 மீட்டரில் புதைஞ்சிடும். சாமான் ஏற்றிய ஹைலக்ஸுக்குத் தாரில் 35 பி.எஸ்.ஐ. போல இருக்கும் (வாடகைக்காரர் சொல்ற அளவுதான் கணக்கு), கிறவலில் 26–29, அந்தக் கடைசி மணலுக்கு 16–18. காற்றுக் குறையக் குறைய டயர் நீளவாக்கில் பரந்து மணலுக்கு மேலே மிதக்கும். அகலம் கூடுறது கொஞ்சம்தான், நீளம் கூடுறதுதான் வேலை செய்யுது.

தார் முடியிற இடத்தில் சாதாரண வாகனங்கள் நிறுத்துற தரிப்பிடம் இருக்கு. அங்கேயே காற்றை இறக்கி, ஃபோர் வீல் போட்டு, லோ ரேஞ்சில் இரண்டாம் கியர். ஒரே வேகம். நிறுத்த வேணும் என்றால் பிரேக்கை மிதிக்காதீங்க, காலை எடுத்துட்டு வாகனம் தானா நிற்க விடுங்க. பிரேக் போட்டா முன் சக்கரத்துக்கு முன்னால மணல் குவிஞ்சு படியாகிடும், பிறகு அந்தப் படியில் ஏற முடியாது. நிறுத்துறதும் மட்டமான இறுகின இடத்தில், இல்லாவிட்டா மூக்கு கீழே பார்க்க. ஏற்கெனவே ஓடிய தடம் இருந்தா அதிலேயே போங்க, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

புதைஞ்சா: சக்கரம் ஒரு தரம் சும்மா சுற்றின உடனே கால் எடுங்க. இன்னும் மிதிச்சா அடியில் இருக்கிற டிஃப் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) மணலில் குந்திடும், அதுக்குப் பிறகு தனி ஆளால் கஷ்டம். இறங்கி நாலு சக்கரத்துக்கும் முன்னாலேயும் பின்னாலேயும் மணலைச் சரிவா வாருங்க. காற்றை 12–14க்கு இறக்குங்க. முன்னால போகப் பார்க்காதீங்க, வந்த தடத்திலேயே ரிவர்ஸ். 12இல் இருக்கும்போது ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினா டயர் ரிம்மை விட்டுக் கழன்றுடும். காலையில் மணல் குளிர்ந்து இறுகி இருக்கும், மத்தியானம் சூடேறித் தளர்ந்திடும். போனதை விடத் திரும்பி வர்றது கஷ்டம் என்று சொல்றது அதனாலதான்.

வெளியே வந்ததும் கம்ப்ரஸரை பற்றரி முனையில் கொழுவி எஞ்சினை ஓட விட்டு அடிங்க. ஒரு டயர் 18இல் இருந்து 28க்கு வர மூன்று நாலு நிமிடம் போகும். சோம்பல்பட்டு 18ஓடு தாரில் 60 கி.மீ. ஓடினா டயரின் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். ஸ்பேர் டயர் இரண்டு கேளுங்க. காப்புறுதியில் டயர், கண்ணாடி, வாகனத்தின் அடிப்பாகம், மணற்காற்றால் பெயின்ட் உரிதல், வேறு வாகனம் படாமல் தனியாகப் புரளுதல், இந்த ஐந்தும் அடங்குதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்க. கிறவலில் நடக்கிற விபத்து அனேகமா அந்தக் கடைசி வகைதான்.

வெள்ளவத்தை_வைட்

நன்றி அண்ணா, பாஸுக்கும் நன்றி. எட்டோஷாவை விட்டுவிட்டேன், லூடரிட்ஸை விட மனம் வரவில்லை, ஆனாலும் விடுகிறேன். அப்போ ஷட்டில் வேண்டாம் என்கிறீர்களா?

கிறவல்_ரோட்டு

பாஸ் சொன்னது சரி, ஆனா தனி ஆள் எண்டதை மறக்கக்கூடாது. முதல் நாள் பின்னேரம் ஷட்டிலில போய் மணலையும் பாதையையும் பாருங்கோ. ரெண்டாம் நாள் விடிய நீங்களே ஓடுங்கோ. ஷட்டிலை மட்டும் நம்பினா விடியல் வெளிச்சம் அவங்கட நேரத்துக்குத்தான், முதல் ஓட்டம் எத்தனை மணிக்கு எண்டு அங்க கேட்டு வையுங்கோ. காற்று இறக்கி ஏத்திறதை இங்கேயே கற்பிட்டிப் பக்கம் மணல் ரோட்டில ஒருக்காப் பழகிட்டுப் போங்கோ.

தண்ணி குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 5 லீற்றர், அதுக்கு மேல தொடாமல் 20 லீற்றர் வாகனத்தில கிடக்கட்டும். டீசல் செஸ்ரீமிலயும் சொலிட்டேரிலயும் கிடைக்கும், அரைத் தாங்கி இருந்தாலும் நிரப்புங்கோ. ஃபோன் பல இடத்தில எடுக்காது. செய்மதித் தொடர்புக் கருவி ஒண்டை வாடகைக்கு எடுங்கோ, வீட்டில ஒராளிட்ட நாளாந்தத் திட்டத்தைக் குடுத்துட்டுப் போங்கோ.

சிவப்புச்_சனல்

லென்ஸ் கேள்விக்கு வருகிறேன். மூன்றில் ஒன்றை விடுவதென்றால் 24–70. அது ஸூம் பண்ணும்போது குழாய் வெளியே நீண்டு உள்ளே போகிற வகை, ஒவ்வொரு முறையும் தூசியை உறிஞ்சும். காலையில் 70–200, இரவில் 14, இடையில் கழற்றவே வேண்டாம். கட்டாயம் மாற்ற வேண்டுமென்றால் வாகனத்துக்குள், கண்ணாடி மூடி, ஏசி விசிறியை நிறுத்தி ஐந்து நிமிடம் தூசி அடங்கிய பிறகு.

டெட்ஃப்லேயில் எல்லாரும் 14ஐ மாட்டிக்கொண்டு மரத்துக்குக் கிட்டப் போவார்கள். அப்போது பின்னால் உள்ள குன்று சுருங்கிவிடும். எதிர்ப்பக்கமாகப் பின்வாங்கி, 100 மில்லிமீட்டரில் குன்றை மரத்துக்குப் பின்னால் சுவராக நிறுத்துங்கள். முழுச் சட்டக சென்சரில் எஃப் 11, குவியம் 30 மீட்டரில் வைத்தால் 15 மீட்டரிலிருந்து அடிவானம் வரை கூர்மை கிடைக்கும். தரை நிழலில், குன்று வெயிலில் இருக்கும்போது இரண்டுக்கும் 3, 4 ஸ்டொப் வித்தியாசம் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). நிழல் தரைக்கு வானத்தின் நீலம் ஏறும், அதுதான் அந்தப் படத்தின் அழகு. ஒட்டோ வைட் பேலன்ஸ் விட்டால் அதைச் சரிசெய்வதாக நினைத்துக் கெடுத்துவிடும். டேலைட்டில் பூட்டுங்கள்.

இங்கே தவறுவது பெரும்பாலும் சிவப்பில். கமராவின் வெள்ளை ஹிஸ்டோகிராம் (ஒளியின் அளவைக் காட்டும் வரைபடம்) 'எல்லாம் சரி' என்று காட்டும், ஆனால் வெயில் பட்ட செம்மணலில் சிவப்புச் சனல் (சிவப்பு நிறத்தின் பதிவு) மட்டும் வலப்பக்கச் சுவரில் முட்டி வெட்டுப்பட்டிருக்கும். வீட்டில் திறந்து பார்த்தால் மணலின் நெளிவுகள் மறைந்து, செம்மஞ்சள் பெயின்ட் அப்பினது போல இருக்கும். மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் போடுங்கள், படப்பாணியை நியூட்ரலில் வையுங்கள், சிவப்பு முட்டினால் மூன்றில் இரண்டு ஸ்டொப் இறக்குங்கள். பொலரைஸரை 14இல் போடாதீர்கள், வானத்தின் ஒரு பாதி கறுத்து மறுபாதி வெளிறும்.

காலடித்தடம் இன்னொரு தலையிடி. குன்றின் முகட்டில் நீங்கள் நடந்த தடம் உங்கள் படத்திலேயே வரும். எங்கே நின்று எடுப்பது என்று முடிவெடுத்த பிறகு நடையுங்கள். பின்னேரக் காற்று பழைய தடங்களை அழித்துவிடும், ஆகையால் முகடுகளுக்கு விடியல்தான் சுத்தமான நேரம். டெட்ஃப்லே மரங்களைத் தொடவோ சாய்ந்து நிற்கவோ வேண்டாம். அவை பட்டுப்போய் 600, 700 வருடம், காற்றில் ஈரமில்லாததால் உக்காமல் நிற்கின்றன.

பால்வீதிக்கு ஆசைப்பட்டால் டெட்ஃப்லேயை மறந்துவிடுங்கள், இரவில் அங்கே நிற்க விடமாட்டார்கள். நமீப்ரான்ட் 2012 முதல் சர்வதேச இருள்வானக் காப்பகம், அங்கே எடுங்கள். ஜூன் நடுப்பகுதியில் பால்வீதியின் மையம் இரவு 1 மணிக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே வரும், அப்போது மரத்தையும் அதையும் ஒரே சட்டகத்தில் அடக்க முடியாது. இரவு 8 மணிக்கு கிழக்கு-தென்கிழக்கில் 24 பாகை உயரத்தில் இருக்கும், நிலக்காட்சிக்கு அந்த நேரம்தான். 14 மில்லிமீட்டர், எஃப் 2.8, 20 செக்கன், ஐ.எஸ்.ஓ. 3200இல் தொடங்குங்கள். காலிமுகத்திடலில் தெற்கே தாழ்வாகத் தெரியும் திரிசங்கு (தென் சிலுவை) அங்கே தென்வானில் நன்றாக உயர ஏறி நிற்கும், திசை குழம்பாதீர்கள். அமாவாசையை ஒட்டித் திகதியை வையுங்கள்.

கிறவல் அதிர்வில் டிரைபாட் திருகுகள் கழன்றுவிடும், ஆலன் சாவி பையில் இருக்கட்டும். படங்களை ஹார்ட் டிஸ்க்கில் அல்ல, எஸ்.எஸ்.டி.யில் பிரதி எடுங்கள். ட்ரோனை வீட்டில் விடுங்கள், அனுமதியில்லாமல் தேசியப் பூங்காக்களில் பறக்க விட முடியாது. திரும்பி வந்ததும் தூசியோடு எதையும் உலர்பெட்டிக்குள் வைக்க வேண்டாம். புளோவரால் ஊதி, தூரிகையால் தட்டி, அதற்குப் பிறகுதான் துணி. ஊதாமல் துடைத்தால் லென்ஸில் கீறல், துடைக்காமல் விட்டால் கொழும்பு ஈரத்துக்குப் பூஞ்சணம்.

பெட்டா_பாஸ்

சார்ஜ் பற்றி யாரும் சொல்லல்லையே. வாகனத்தில் இரண்டாவது பற்றரி 100 அம்பியர்-மணி (Ah) இருந்தா, ஈய பற்றரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 50. ஃப்ரிட்ஜ் குளிர் காலத்தில் சராசரி 2 அம்பியர் இழுத்தா ஒரு நாளுக்கே 48 போயிடும். உங்க கமரா பற்றரி நாலும் சேர்த்து 5, 6 தான், அது ஒரு பொருட்டே இல்லை. செஸ்ரீமில் தினமும் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் எஞ்சின் ஓடும், அதில் பெரும் பகுதி திரும்ப ஏறிடும். ஓடாமல் நிற்கிற நாளில் இரவு ஃப்ரிட்ஜை நிறுத்துங்க, குளிரே பார்த்துக்கும். இன்வேட்டர் வேண்டாம், 12 வோல்ட்டில் நேரே கொழுவுற சார்ஜர் எடுங்க.

பிளக்குக்கு உலக அடாப்டர் என்று விற்கிறதை நம்பாதீங்க, அனேகமானதில் அந்த ஊர்ப் பின் இல்லை. அங்கே இருக்கிறது மூன்று தடித்த உருண்டைப் பின், நம்ம வீடுகளில் பழைய ஏசிக்குப் போடுற அதே 15 அம்பியர் பிளக். புறக்கோட்டையில் மின்சாமான் கடையில் 15 அம்பியர் ரவுண்ட் பின் பிளக் ஒன்று வாங்கி, நம்ம 13 அம்பியர் மல்ட்டி பிளக் வயரின் நுனியில் பூட்டிக்கொண்டு போங்க.

வெள்ளவத்தை_வைட்

அருமை. வாகனம் ஓட்ட நம்மட சாரதி அனுமதிப்பத்திரம் போதுமா?

பெட்டா_பாஸ்

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரமும் சேர்த்துக் கொண்டு போங்க, கொள்ளுப்பிட்டியில் ஒட்டோமொபைல் அசோசியேஷனில் எடுக்கலாம். ரோட்டில் இடப்பக்கம்தான், பழக்கம் மாறாது. அடிஸ் அபாபா, நைரோபி வழியா டிக்கெட் போடுறதா இருந்தா மஞ்சள் காய்ச்சல் ஊசி விசயத்தை முதலே பாருங்க. நமீபியாவில் மட்டுமில்லை, திரும்பி கட்டுநாயக்கவில் இறங்கும்போதும் கேட்கக்கூடும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுறாங்க. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அந்த அட்டை செல்லும்.