அம்மாவோட கூலியை எந்தக் கோட்பாடு விளக்கும்?

கேள்வி (கம்பத்துப் பொண்ணு):
சமூகவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். அம்மா விடியுமுன்னே தூக்குவாளியோட ஜீப்புல ஏறி, கம்பம்மெட்டு வழியா கேரளாவுல இருக்கிற வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போறாங்க. நகக்கண்ணெல்லாம் கறை. முக்கியமான, பயிற்சி அதிகம் வேண்டிய வேலைக்குத்தான் கூடுதல் வெகுமதின்னு 1945ல டேவிஸ், மூர்ங்கிற அமெரிக்க சமூகவியலாளர்கள் எழுதியிருக்காங்க. முத்தின காய் எது, பிஞ்சு எதுன்னு அம்மா விரல் பட்டதும் சொல்லிடுவாங்க. அது பயிற்சி இல்லையா? அப்புறம் ஏன் கூலி கம்மி? மனசு ஆறவே மாட்டேங்குது.

மறுமொழி 1:
மார்க்ஸைப் படிங்க தங்கச்சி. தோட்டமும் காய் உலர்த்துற ஸ்டோரும் முதலாளி கையில. அம்மாகிட்ட இருக்கிறது உழைப்புச் சக்தி மட்டும். அதை வித்தாத்தான் அடுப்பெரியும். கூலிக்கு மேல அவங்க உழைப்பு உண்டாக்குறதுதான் உபரி மதிப்பு.

மறுமொழி 2:
அதோட நிறுத்தாதீங்கம்மா. நான் மூணாறு லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புல, வளர்ந்தவன். வெபர்ங்கிற ஜெர்மன் சமூகவியலாளர் சமூக ஏற்றத்தாழ்வை வர்க்கம், அந்தஸ்து, கட்சின்னு மூணாப் பிரிச்சுப் பார்த்தார். 2015 செப்டம்பர்ல 20 சதவீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள் மூணாறு ரோட்டுல உட்கார்ந்தாங்க. தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்ட சேர்க்கலை. பெண்கள், தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள். முதலாளி, தொழிலாளின்னு ஒரே கோடு போட்டா இதெல்லாம் அதுல அடங்குமா?

கம்பத்துப் பொண்ணு:
அண்ணா, எங்க ஜீப்புலயும் முன் சீட்டு யாருக்கு, பின்னாடி தொத்திக்கிட்டு வர்றது யாருன்னு ஒரு கணக்கு இருக்கு. இன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட கேட்டு எழுதுறேன்.