பேய் இருக்கோ இல்லையோ எண்டு கேக்கிற பிள்ளையள்

மாங்குளத்துக்குக் கிட்ட, ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளையள் ஒன்பது பேரோட வாசிப்பு வட்டம் நடத்திறன். மூண்டு கிழமையா புதுமைப்பித்தன்ர 'காஞ்சனை'யில நிக்கிறம். 1943 இல வந்த கதை; ஒரு எழுத்தாளன்ர வீட்டில வேலைக்குச் சேர்ற காஞ்சனை எண்ட பெண்ணைப் பற்றினது. "கடைசியில அவள் பேயோ, இல்லையோ?" இதைத் தாண்டி ஒருத்தரும் நகரேல்லை.

முதல் நாள் பகலில வாசிச்சம், சிரிச்சாங்கள். பிறகு கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம் லாம்பு வெளிச்சத்தில நானே வாசிச்சன். அந்த நடுச்சாம வாடை வாற இடத்தில மட்டும் எல்லாரும் கப்சிப். முடிஞ்சதும் பழையபடி அதே கேள்வி. கதைசொல்லியே ஒரு எழுத்தாளன், அவன்ர கண்ணை எவ்வளவு நம்பலாம் எண்டு கேட்டுப் பாத்தன். "அப்ப எல்லாம் பொய்யோ சேர்?" எண்டாங்கள். அம்மம்மா சொன்ன முனிக்கதையளில பேய் வந்த காரணமும் அதை விரட்டிற கழிப்பும் இருக்கும். இதில ரெண்டும் தெளிவா இல்லை, அதுதான் இவங்களுக்கு இடிக்குது போல.

விடை தராத கதையை விடை தேடாமல் வாசிக்கப் பழக்க, நீங்கள் வகுப்பில என்ன கேள்வியோட தொடங்குவியள்?